அனிமே வேண்டாம் என்கிறவருக்கு அனிமே காட்டுவது எப்படி: வன்னிக்கான ஒரு செய்முறை

"உது சின்னப்பிள்ளையளின்ர காட்டூன் எல்லோ, உதை என்னெண்டு உந்த வயசிலயும் பாக்கிறாய்?" என்று கேட்கிற ஒருவர் அநேகமாக எல்லா வீட்டிலும் இருப்பார். அம்மா, மாமா, வேலைக்குப் போகிற அக்கா, ஆங்கிலப் படம் மட்டும் பார்க்கிற மச்சான் என்று யாராகவும் இருக்கலாம். அப்படியான ஒருவரை ஒரு அனிமேத் தொடரை, அதாவது ஜப்பானில் வரைந்து எடுக்கிற ஒரு தொடரை, முழுதாகப் பார்க்க வைக்கிற வழிதான் இது. ஒரே ஆள், ஒரே தொடர். அதுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

நீங்களே புதியவர் என்றால் இதை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பாகம் ஏறக்குறைய 24 நிமிடம். அதில் தொடக்கப் பாட்டுக்கு ஒன்றரை நிமிடம், முடிவுப் பாட்டுக்கு ஒன்றரை நிமிடம். ஜப்பானியத் தொலைக்காட்சிகள் ஆண்டை நாலு பருவமாகப் பிரித்து ஒளிபரப்புகின்றன. அதனால் சின்னத் தொடர் பெரும்பாலும் 11 முதல் 13 பாகத்துக்குள் முடிந்துவிடும். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம். இரண்டு தமிழ்ப்படம் பார்க்கிற நேரம். "உது முடிய எவ்வளவு நேரம் போகும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். அப்போது சொல்லலாம்.

படி 1: ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள்

கேட்டுவிட்டு வாதாடாதீர்கள். காரணம் தெரிந்தால் போதும். நான் கேட்டவரையில் நாலு பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது: சின்னப்பிள்ளைத்தனம், ஒரே கத்தலும் அடிபாடும், முடிவே இல்லாத நீளம், குடும்பத்தோடு பார்க்கக்கூடாத காட்சிகள்.

நாலுமே முழுப்பொய் இல்லை. இவர்கள் கண்டதெல்லாம் தம்பியின் போனில் ஓடுகிற பெரிய தொடர்கள். ஒன் பீஸ் 1999இல் தொடங்கி ஆயிரம் பாகம் தாண்டியும் இன்னும் ஓடுகிறது. அதை ஒருவரிடம் நீட்டி "நூறாம் பாகத்துக்குப் பிறகு நல்லா இருக்கும்" என்றால் யார் கேட்பார்கள்? அதிகம் பேசப்படாத சின்னத் தொடர்களை நான் தேர்வதற்குக் காரணம் இதுதான். அவற்றைப் பற்றி அவருக்கு முன்முடிவு எதுவும் இருக்காது, ஒரு வாரத்தில் முடிந்தும் விடும்.

படி 2: தொடரைத் தேடமுதல் ஆளைப் பாருங்கள்

செய்முறையின் முக்கால்வாசி இந்தப் படிதான். "எனக்குப் பிடித்தது" என்று எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர் ரீவியில் எதைப் பார்க்கிறார், எதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிற்பாட்ட மாட்டார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

வயலும் மாடும் உள்ளவருக்கு: சில்வர் ஸ்பூன். வன்னியில் ஒருவரையும் தெரியாமல் ஒரு தொடரை மட்டும் சொல்லு என்றால் நான் இதைத்தான் சொல்வேன். 2013இல் 11 பாகம், 2014இல் இன்னொரு 11 பாகம். ஹச்சிகென் என்ற நகரத்துப் பெடியன், படிப்பு நெருக்கடியிலிருந்தும் தகப்பனிடமிருந்தும் தப்பி, ஹோக்கைடோவில் விடுதியோடு இருக்கிற ஒரு விவசாயப் பாடசாலைக்கு ஓடிவருகிறான். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் பண்ணை வீட்டுப் பிள்ளைகள். இவனுக்குக் கோழி எந்த வழியால் முட்டை இடுகிறது என்பதே தெரியாது. கண்ணால் கண்டதும் திகைத்துப்போகிறான். விசுவமடுவிலோ வட்டக்கச்சியிலோ கோழி வளர்த்த ஒருவர் அந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க மாட்டார். முதல் பாகத்திலேயே வருகிற அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மிச்சப் பாதியைத் தொடர் தானாகவே செய்யும். மூலச் சித்திரக்கதையை எழுதி வரைந்த ஹிரோமு அரகாவா ஹோக்கைடோவில் பால்மாட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். தோக்கியோ போய்ச் சித்திரக்கதை வரைவதற்குள் இறங்கமுதல் ஏழு வருடம் அந்தப் பண்ணையில் வேலை செய்தவர். ஆகவே பண்ணையை அழகான பின்னணியாக மட்டும் காட்டிவிட்டுப் போகவில்லை. விடியமுதல் எழும்பிப் பால் கறப்பது, பால் கறக்காத மாட்டை என்ன செய்வது, கடன் எப்படி ஒரு குடும்பத்தைச் சாப்பிடுகிறது என்பதெல்லாம் வருகிறது. இரண்டாம் பருவத்தில் கொமாபா என்ற நண்பனின் பண்ணை கடனில் மூழ்கி, மாடுகள் போய், அவன் படிப்பை விடுகிறான். அந்தக் கடனுக்குப் பிணை நின்ற அயல் குடும்பமும் சேர்ந்து அடிவாங்குகிறது. லீசிங்கில் உழவு இயந்திரம் எடுத்தவருக்கும், குழுக்கடனுக்கு அடுத்த வீட்டுக்காக ஒப்பம் வைத்தவருக்கும் இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. ஹச்சிகென் ஒரு பன்றிக்குட்டிக்குப் பெயர் வைத்து வளர்த்து, கடைசியில் அதன் இறைச்சியையே காசு கொடுத்து வாங்குகிறான். முதல் பருவத்தின் நெஞ்சே அதுதான். ஆனால் முழுச்சைவக்காரருக்குக் காட்டுவதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அல்லது வேறு தொடருக்குப் போங்கள்.

அம்மம்மாமாருக்கு: முஷிஷி. 2005இல் வந்தது, 26 பாகம், ஒவ்வொன்றும் தனிக்கதை. ஆகவே முதலாவதிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்றில்லை. முஷி என்பது செடியும் இல்லாத, விலங்கும் இல்லாத, எல்லார் கண்ணுக்கும் தெரியாத ஒரு உயிர்வகை. அவற்றால் ஊர்ச்சனத்துக்கு வருகிற விசித்திர வருத்தங்களைக் கேட்டறிந்து பார்க்க கின்கோ என்பவர் ஊரூராக நடக்கிறார். பேயோட்டுகிறவர் இல்லை, பரிகாரியார். வருவார், இருந்து கதை கேட்பார், முடிந்ததைச் செய்வார், போவார். சில நேரம் வருத்தம் மாறும், சில நேரம் மாறாது. கத்தலே இல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிகிறதைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இந்த உலகத்தை நம்பவைக்க நீங்கள் மினக்கெடவேண்டி வராது. ஆங்கிலம் படித்த பேரப்பிள்ளைதான் "இது எப்படி நடக்கும்?" என்று கேட்கும்.

கூத்துப் பார்த்தவருக்கு, அல்லது வீட்டில் ஒரு அண்ணாவியார் இருந்தால்: ஷோவா கென்ரோகு ராகுகோ ஷின்ஜூ. பெயர் நீளம், சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். ராகுகோ என்பது ஒரு ஆள் மெத்தையில் இருந்தபடி, ஒரு விசிறியையும் கைத்துணியையும் மட்டும் வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பித் திருப்பி எல்லாப் பாத்திரமாகவும் பேசிக் கதை சொல்கிற கலை. சிறையிலிருந்து வெளியே வந்த ஒருவன் நேரே ஒரு பெரிய கலைஞரிடம் போய்ச் சீடனாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறான். கேட்கிறவர் குறைந்துபோகும் கலையை யார் கொண்டுபோவது என்பது கதை. முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடிய தலைமுறைக்கு இதில் கதைக்க நிறைய இருக்கும். முதல் பாகம் மட்டும் வழமையை விட நீளம். அதற்கு நேரம் ஒதுக்குங்கள். உரையாடல் அதிகம் என்பதால் ஆங்கில எழுத்து ஓடி வாசிக்க முடிந்தவருக்குத்தான் சரிவரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கஷ்டப் பிரதேசத்துக்கு நியமனம் கிடைத்து, முதல் மாதம் முழுக்க முணுமுணுக்கிற ஆசிரியருக்கு: பரகாமொன், 2014, 12 பாகம். கோபத்தில் ஒரு பெரியவரை அடித்துவிட்ட எழுத்தணிக் கலைஞனைத் தகப்பன் கோட்டோ தீவுகளுக்கு அனுப்பிவிடுகிறார். அங்கே ஒருவரும் கதவு தட்டுவதில்லை, பிள்ளைகள் கேட்காமலே வீட்டுக்குள் வந்து இருக்கிறார்கள். வன்னிக் கிராமத்தில் ஒரு தவணை இருந்தவருக்கு மேலதிக விளக்கம் வேண்டாம்.

குற்றப்படம் பார்க்கிற மச்சானுக்கு: ஒட் டாக்சி, 2021, 13 பாகம். எல்லாரும் மிருகங்களாக வரையப்பட்டிருப்பதால் முதல் இரண்டு நிமிடம் கட்டாயம் சிரிப்பார். விடுங்கள். டாக்சி ஓடுகிற ஒரு வால்ரஸ் (தந்தமுள்ள கடல்விலங்கு) மனிதர், காணாமற்போன ஒரு பள்ளி மாணவி, டாக்சியில் ஏறி இறங்குகிறவர்களின் வெட்டிப்பேச்சு. அந்த வெட்டிப்பேச்சில் ஒன்றுகூட வீண் இல்லை. ஏன் மிருகங்கள் என்பதைச் சொல்லித் தொலைத்துவிடாதீர்கள்.

படி 3: சண்டைக் கதையை முதலில் வைக்காதீர்கள்

வெளியில் எழுதுகிறவர்கள் அனிமேயை மதிக்காதவருக்கு முதலில் காட்டச் சொல்வது 1988இல் இசாவோ தகஹாத்தா எடுத்த கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ் என்ற படத்தை. 1945இல் கோபே நகரத்தின் மேல் விழுந்த குண்டுகளும், அதற்குப் பிறகு பசியில் அலைகிற அண்ணனும் தங்கையும். மிகச் சிறந்த படம், அதில் எனக்குக் கேள்வியே இல்லை. ஆனால் அந்த ஆலோசனை பங்கருக்குள் இருந்திராத ஆட்களுக்கானது. 2009இல் கடைசிப் போரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாத்தளன் வரை நடந்த ஒருவரிடம், "காட்டூன் எவ்வளவு ஆழமானது" என்று நிரூபிப்பதற்காக இதைப் போட்டுக் காட்டுவது சரியில்லை. அட்டாக் ஒன் டைட்டனும் அப்படித்தான். மதில் உடைந்து சனம் ஓடுவதிலும், மகன் பார்த்திருக்கத் தாய் சாவதிலும்தான் அது தொடங்குகிறது.

பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. என்ன கதை என்பதை முழுதாகச் சொல்லி, அவரே கேட்டால் மட்டும் காட்டுங்கள். தெரியாமல் இருக்கிறவர் முன் திடீரென்று வைக்காதீர்கள்.

படி 4: முழுவதையும் நீங்கள் முன்னமே பார்த்திருங்கள்

குடும்பத்தோடு பார்க்கும்போது எந்த இடத்தில் நெளியவேண்டி வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானில் சின்னப்பிள்ளைகளோடு பெற்றோர் சேர்ந்து குளிப்பது வழமை. முப்பது வயது ஆண் ஒருவர் ஆறு வயதுச் சொந்தக்காரப் பிள்ளையைப் பொறுப்பெடுத்து வளர்க்கிற உசகி டிரொப் தொடரில் (2011, 11 பாகம்) அப்படி வரும். "அங்க அது சாதாரணம்" என்று முதலே ஒரு வசனம் சொன்னால் பிரச்சினை இல்லை. தாய்மாருக்கு மிகவும் பிடிக்கிற தொடர் அது. தொடரோடு நிற்பாட்டுங்கள், மூலச் சித்திரக்கதையின் பிற்பாதி போகிற போக்கு எனக்குப் பிடிக்கவில்லை, உங்கள் அம்மாவுக்கும் பிடிக்காது.

படி 5: ஒழுங்குகள்

மியூஸ் ஏசியா, அனி-வன் ஏசியா ஆகிய யூரியூப் சேனல்கள் சில தொடர்களை எங்கள் பிராந்தியத்துக்கு இலவசமாக, உரிமையோடு விடுகின்றன. எது இருக்கும், எது போகும் என்பது மாறிக்கொண்டே இருப்பதால் முதலில் அங்கே தேடுங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் உள்ளே இருக்கிறவர்கள் சிக்னலை நம்பி ஆளை இருத்திவிட்டு வட்டம் சுற்றுவதைக் காட்டக்கூடாது. செயலியில் சேமித்து வைக்கிற வசதி இருந்தால் முதல் இரண்டு பாகத்தையும் முன்னமே சேமியுங்கள். 480 தரம் போதும், டேட்டாவும் மிஞ்சும்.

போனில் காட்டாதீர்கள். லப்டொப்பிலோ ரீவியிலோ போடுங்கள்.

காலமும் முக்கியம். காலபோக அறுவடை நேரத்தில் களைத்து வந்தவரைப் பிடித்து இருத்தினால் முதல் பாட்டிலேயே நித்திரையாகிவிடுவார். கார்த்திகை, மார்கழி மழையில் வெளியே போக முடியாத இரவுகள்தான் நல்லது.

படி 6: மொழிச் சிக்கல்

பெரிய தொடர்கள் சிலவற்றுக்குத் தமிழ்க்குரல் வந்திருக்கிறது. நான் சொன்ன மாதிரித் தொடர்களுக்கு அதை எதிர்பார்க்க முடியாது. ஜப்பானியக் குரலும் ஆங்கில எழுத்தும்தான். ஆங்கிலம் வாசிக்காதவருக்கு நீங்கள்தான் குரல். வரிக்கு வரி சொன்னால் இருவருக்கும் தலையிடி. பாகம் தொடங்கமுதல் யார் யார், எங்கே இருக்கிறார்கள் என்று இரண்டு வசனத்தில் சொல்லுங்கள். பிறகு முக்கியமான இடத்தில் மட்டும் சாரத்தைச் சொல்லுங்கள். முஷிஷி இதற்கு வசதி, ஆறுதலாகக் கதைக்கிறார்கள். த டாட்டாமி கலக்சி போன்றதைத் தொடவே வேண்டாம். அதில் கதாநாயகன் விடுகிற வேகத்துக்கு எழுத்தை வாசிக்க எனக்கே மூச்சு வாங்கும்.

படி 7: பக்கத்தில் இருங்கள், வாயை மூடியிருங்கள்

"இனித்தான் பாருங்கோ", "இந்த இடம் சூப்பர்" என்று சொல்லாதீர்கள். முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். கேள்வி கேட்டால் மட்டும் பதில். இடையில் எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போனால் நிற்பாட்டி வையுங்கள், குறை சொல்லாதீர்கள். ஒரு பாகம் முடிந்ததும் "எப்பிடி?" என்று கேட்கவும் வேண்டாம், நீங்களே கணினியை மூடுங்கள்.

அடுத்த நாள் அவர் "அந்தப் பெடியனுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டால் இரண்டாம் பாகத்தைப் போடுங்கள். கேட்கவில்லை என்றால் ஒரு கிழமை விட்டு ஒருமுறை நீங்களாகக் கேளுங்கள். மூன்று பாகம் பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் அந்தத் தொடர் அவருக்கு இல்லை. படி 2க்குத் திரும்பி வேறொன்று எடுங்கள். இரண்டாவதும் சரிவராவிட்டால் விட்டுவிடுங்கள். அவர் சீரியல் பார்க்கட்டும், நீங்கள் உங்கள் பாட்டில் பாருங்கள்.

படி 8: முடிந்த பிறகு

சில்வர் ஸ்பூன் பிடித்தவருக்கு பரகாமொன். முஷிஷி பிடித்தவருக்கு 2008இல் தொடங்கிய நட்சுமே யூஜின்சோ. பாட்டி விட்டுப்போன ஒரு புத்தகமும், அதில் பெயர் எழுதிக் கட்டிவைக்கப்பட்ட ஆவிகளை ஒவ்வொன்றாக விடுவிக்கிற பேரனும். ஒட் டாக்சி முடித்த மச்சானுக்கு மொன்ஸ்டர். 74 பாகம் என்பதால் அதை முதலில் கொடுத்திருக்க முடியாது, இப்போது கொடுக்கலாம்.

தம்பி பார்க்கிற நருட்டோ என்னவென்று அவராகவே கேட்டாலும் காட்டுங்கள். ஆனால் 220 பாகம் இருக்கிறது, அதுக்குப் பிறகு ஷிப்புடென் என்று இன்னும் 500 இருக்கிறது என்பதைத் தொடங்கமுதலே சொல்லிவிடுங்கள்.