கடல் மேசை: பால்வாடிக் குழந்தைகளுக்குத் தொட்டுப் பார்க்கும் பாடம்

இராமநாதபுரம் கரையோர ஊர்களில் அங்கன்வாடி வேலைக்கோ மழலையர் பள்ளிக்கோ புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘செய்து பார்த்துக் கற்றல்’ என்று பயிற்சியில் சொன்னதுமே பலரும் பிளாஸ்டிக் சாமான் செட் என்ன விலை என்று விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். மண்டபத்திலும் கீழக்கரையிலும் இருந்துகொண்டு அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஒரு தாழ்வான மேசை, அது இல்லாவிட்டால் ஒரு பாய், அகலமான பேசின் ஒன்று, நாலைந்து ஓலைக் கொட்டான், இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

பொறுக்குவது

காலையில் அலை ஒதுக்கிய வரியோடு நடந்தால் ஒரு பை நிறையும். மட்டிச் சிப்பி, உடையாத வெறும் சங்கு, கணவாய் ஓடு (கணவாய் மீனின் உடம்புக்குள் இருக்கும் வெள்ளை ஓடு), வழவழப்பான கல், சிரட்டை, பனை மட்டைத் துண்டு என்று எடுங்கள். சங்கை எடுத்ததும் பையில் போடாமல் சற்று நேரம் மணலில் வைத்துப் பாருங்கள். உள்ளே நண்டு குடியிருந்தால் அதுவே நடந்து போய்விடும். உயிரோடு இருக்கிற எதையும் எடுக்கக் கூடாது. கூம்பு வடிவச் சங்கில் உயிர் இருந்தால் கையே வைக்காதீர்கள், அதன் முள்ளில் விஷம் உண்டு. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சொறியும் (ஜெல்லி மீன்) அப்படித்தான், செத்த பிறகும் அரிக்கும்.

பவளப்பாறைத் துண்டு அழகாகத்தான் இருக்கும். காய்ந்த கடல் குதிரையும் சில வீடுகளில் இருக்கும். இரண்டுமே மேசைக்கு வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வைத்திருப்பதே குற்றம். இங்கே மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் கடல் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் கெடுபிடியும் அதிகம்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. பழைய வலைத் துண்டைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது அடியில் கோத்திருக்கும் ஈயக் குண்டுகளைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். ஈயம் நஞ்சு. இந்த வயதில் கைக்கு வந்தது வாய்க்குப் போகாமல் இருக்காது. பொடியாக உதிரும் தெர்மாகோல் மிதவையும் வேண்டாம்.

கழுவுவது

சிப்பி, சங்குகளைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல வெயிலில் காய வையுங்கள். கூரான விளிம்பு இருந்தால் சிமென்ட் தரையில் உரசி மழுக்கிவிடலாம். 3 வயதுக்குக் கீழே உள்ள தம்பி தங்கைகளும் உங்கள் அறையில் இருந்தால், வாய்க்குள் போகிற அளவுள்ள சோழி, சின்னச் சிப்பி எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

பரப்புவது

முதல் நாள் ஐந்தாறு வகை போதும். பெயர் சொல்ல வேண்டாம், ‘இது என்ன?’ என்று கேட்கவும் வேண்டாம். பரப்பி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். டீச்சர் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் இந்தப் பாடத்திலேயே கஷ்டமான வேலை. ‘சங்கு, எங்கே சொல்லு, சங்கு’ என்று நாம் ஆரம்பித்ததுமே பிள்ளைகள் பொருளை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

பொறுத்திருந்தால் கணவாய் ஓட்டில் வேடிக்கை நடக்கும். யாராவது ஒரு பிள்ளை நகத்தால் அதைச் சுரண்டும். வெள்ளைத் தூள் விரலில் ஒட்டும். அதைச் சட்டையில் துடைக்கும், அப்புறம் தரையில் தேய்க்கும். கோடு விழுந்துவிட்டது! அடுத்த நிமிடம் தரை முழுக்க வட்டமும் படகும்தான். பார்க்கக் கல்லாக இருந்தது சாக்பீஸாக மாறிவிட்டதை அவர்களே கண்டுபிடித்தார்கள். அதை நாம் முந்திக்கொண்டு சொல்லிக் கெடுக்கலாமா?

பேச வேண்டும் என்றால் ஆமாம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியாகக் கேளுங்கள். ‘உள்ளே என்ன இருந்திருக்கும்?’, ‘இதையும் அதையும் ஏன் ஒரே கொட்டானில் போட்டே?’ இந்த மாதிரி. நிறம் பார்த்துப் பிரிக்கிற பிள்ளையும் இருக்கும், சத்தம் பார்த்துப் பிரிக்கிற பிள்ளையும் இருக்கும். இரண்டும் சரிதான். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் காரல் மீனையும் சூடை மீனையும் தூரத்தில் இருந்தே பிரித்துச் சொல்லிவிடுவார்கள், அவர்களிடம் நாமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மிதக்குமா, மூழ்குமா

பேசினில் முக்கால் அளவு தண்ணீர். ஒவ்வொரு பொருளையும் போடுமுன் ‘என்ன ஆகும்?’ என்று கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள். சங்கு மூழ்கும், கணவாய் ஓடு மிதக்கும். சிரட்டையை நிமிர்த்தி வைத்தால் மிதக்கும், தண்ணீர் நிரம்பினால் போய்விடும். படகுக்கும் அதே கதைதான் என்பது அவர்கள் அப்பாக்களைப் பார்த்தே தெரிந்தது. பேசினை விட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள், முடிந்த உடனே தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைக்கு அந்த அளவு தண்ணீரும் ஆபத்துதான்.

அடுத்து முட்டை. சமையலுக்கு வந்த புது முட்டை ஒன்றைக் கழுவி, அரை லிட்டர் நல்ல தண்ணீரில் விடுங்கள். அடியில் போய் உட்காரும். கடல் தண்ணீரில் விட்டால் மிதக்கும் என்று பெரியவர்களே சத்தியம் செய்வார்கள். மிதக்காது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான், முட்டையைத் தூக்க அது பற்றாது. இப்போது நல்ல தண்ணீரில் பிள்ளைகள் ஆளுக்கொரு மேசைக்கரண்டி கல் உப்பைப் போட்டுக் கலக்கட்டும், கூடவே எண்ணட்டும். நான்கு, ஐந்து என்று போகும்போது முட்டை அசைந்து எழும்பும். எழும்பாவிட்டால் இன்னொரு கரண்டி. எண் பாடம் அதற்குள்ளேயே முடிந்துவிடும். முட்டையை மறுபடி கழுவி ஆயாவிடம் கொடுத்தால் வேக வைத்துவிடுவார், வீணாகாது.

பழைய முட்டை மட்டும் வேண்டாம், அது வெறும் தண்ணீரிலேயே மிதந்து மானத்தை வாங்கிவிடும்.

உப்பு விளைவிப்பது

வாலிநோக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உப்பளம் தெரியும். மற்றவர்களுக்கு ஒரு அகலத் தட்டு போதும். ஒரு டம்ளர் கடல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றி, காக்கை வராமல் வலைத்துணி போட்டு வெயிலில் வையுங்கள். ஓரிரு நாளில் தண்ணீர் வற்றி, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் உப்பு நிற்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் குட்டிக் குட்டிச் சதுரமாகத் தெரியும். பூதக்கண்ணாடியை அறைக்குள் மட்டும் கொடுங்கள், வெயிலுக்கு எடுத்துப் போக விடாதீர்கள். உப்பை ருசி பார்க்கவும் விட வேண்டாம், கரையோரத் தண்ணீர் எல்லா இடத்திலும் சுத்தமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடங்கினால் மழைத் தண்ணீர்தான் மிஞ்சும். மாசிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாக்கள் கேட்டால்

‘டீச்சர், சிப்பியை வச்சு விளையாடுறதுக்கா அனுப்புறேன்? அ, ஆ எப்போ?’ என்று கேட்கத்தான் செய்வார்கள். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல், ‘நாளைக்குக் காலையில் அரை மணி நேரம் வந்து உட்காருங்கக்கா’ என்று கூப்பிடுங்கள். மட்டிச் சிப்பியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுக்கிற அதே பிடியில்தான் பென்சிலும் நிற்கப்போகிறது. பிள்ளையின் கையைக் காட்டியே அதைச் சொல்லிவிடலாம். வந்த அம்மாவுக்கு ஓலை முடையத் தெரிந்தால் விடாதீர்கள். கொட்டான்கள் சீக்கிரம் பிய்ந்துபோகும், அடுத்த மாதத்துக்குப் புதிது வேண்டும்.