குவாடலூப் பாஸ்: எறிய வேண்டிய இடம்

டெக்சாஸின் மாநில மீனான குவாடலூப் பாஸ், அம்மாநிலத்தின் மையப் பகுதியிலுள்ள எட்வர்ட்ஸ் பீடபூமியை ஒட்டிய ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. பெரும்பாலும் ஓரடிக்கும் குறைவாகவே வளரும். 2014-இல் ஆஸ்டின் அருகே கொலராடோ ஆற்றில் பிடிபட்ட மாநிலச் சாதனை மீனே 3.71 பவுண்டுதான். ஆனாலும், ஓடும் நீரில் வளர்ந்த உடல் என்பதால், தூண்டிலில் சிக்கியதும் நீரோட்டத்தின் பக்கவாட்டில் திரும்பி அது இழுக்கும் இழுப்பு எடைக்குச் சற்றும் பொருந்தாது.

தேங்கிய மடுவில் நேரத்தைச் செலவிட வேண்டாம். வேகமான நீரும் மெதுவான நீரும் உரசும் கோட்டிலோ பாறையின் பின்புறத்திலோ, பூச்சியையோ கிரேஃபிஷையோ (இறால் போன்ற நன்னீர் உயிரி) ஒத்த சிறு இரையை நீரோட்டத்தின் மேற்பக்கத்திலிருந்து மிதந்து வருமாறு எறியுங்கள். மெல்லிய கோலும் நரம்புமே போதும்.

பிடித்ததும் வாயை மூடிப் பாருங்கள்: மேல்தாடை கண்ணைத் தாண்டிச் சென்றால் அது லார்ஜ்மவுத் பாஸ் என்ற வேறு இனம். 1970-களில் அரசே கொண்டுவந்து விட்ட ஸ்மால்மவுத் பாஸ் என்ற இன்னொரு இனத்துடன் இனக்கலப்பாகி, குவாடலூப் பாஸ் பல ஆறுகளில் தூய்மை இழந்ததால், குறிப்பாக ஆண் மீன் கூட்டைக் காக்கும் வசந்த காலத்தில், பிடித்ததை உடனே நீரில் விடுவதே முறை.