இரும்பு ஆக்சைடு நானோதுகள்: கோப்பி-ஓ நிறம் வரவேண்டும்

இறுதியாண்டு புராஜெக்டுக்கு எம்ஆர்ஐ காண்ட்ராஸ்ட் துகள் (ஸ்கேன் படத்தில் ஒளி-இருள் வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் துகள்) என்று தலைப்பு எடுத்துவிட்டு முழிக்கிற தம்பி தங்கைகளுக்கு இது. பினாங்கில், குளுகோர் பக்கம் ஒரு லேபில் நானும் இதோடு மல்லுக்கட்டியவன்தான். முதல் மூன்று தடவையும் எனக்கு வந்தது தே தாரே, அதாவது பால் தேநீர் நிறத்துச் சேறு. வரவேண்டியது கோப்பி-ஓ, அதாவது பால் விடாத கறுப்புக் காப்பி நிறம்.

முறை பழையது, 1981இல் ரெனே மாஸார் வெளியிட்டது. 200 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து, நைட்ரஜன் விட்டுக்கொண்டே ஆறவிடுங்கள். அதில் ஃபெர்ரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 5.4 கிராம், ஃபெர்ரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 2 கிராம். மோல் கணக்கில் இரண்டுக்கு ஒன்று. நம்ம ஊர் புழுக்கத்தில் ஃபெர்ரிக் உப்பு தராசுத் தட்டிலேயே கசிய ஆரம்பிக்கும், அதனால் சாவகாசமாக எடை போடாதீர்கள். ஃபெர்ரஸ் உப்பு வெளிர்பச்சையாக இருக்கவேண்டும், புட்டி ஓரத்தில் மஞ்சளோ பழுப்போ படிந்திருந்தால் காற்று பாதியைத் தின்றுவிட்டது, புதுப் புட்டி கேளுங்கள். என் சேற்றுக்குக் காரணம் அந்தப் புட்டிதான்.

80 டிகிரியில் வேகமாகக் கிளறிக்கொண்டே 25 சதவீத அம்மோனியா 20 மில்லி ஊற்றுங்கள், ஃபியூம் ஹூட் என்கிற, நச்சுப்புகையை உறிஞ்சும் கூண்டுக்குள் வைத்துத்தான். ஊற்றிய கணத்தில் கறுத்துவிடும். அப்புறம் ஒரு விஷயம், காந்தக் கிளறி வேண்டாம்! விளைந்ததெல்லாம் அந்தக் குட்டிக் காந்தத்தில் கம்பளிப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொள்ளும், சுரண்டி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். மேலிருந்து சுழலும் மோட்டார் கிளறியை யாரிடமாவது கடன் வாங்குங்கள்.

பீக்கருக்கு அடியில் நியோடைமியம் காந்தத்தை வைத்து, தெளிந்த நீரை வடித்து, நான்கைந்து முறை கழுவுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் கிடைக்கிற காந்தமே போதும். அப்படியே விட்டால் துகள்கள் கட்டிதட்டிவிடும், ஆகவே சிட்ரிக் அமிலம் சேர்த்து 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, மிச்ச அமிலம் போக டயாலிசிஸ் (மெல்லிய சவ்வுப் பையில் போட்டுத் தண்ணீரில் ஊறவைப்பது) செய்யுங்கள். பூச்சு சரியாக ஏறினால் துகள் காந்தத்துக்குச் சட்டென்று ஓடிவராது. நான் அதைப் பார்த்து, கெட்டுப்போச்சு என்று கொட்டியே விட்டேன்!

இனி ஸ்கேன். இந்தத் துகள் டி2 நேரத்தை, அதாவது எம்ஆர்ஐ சிக்னல் தேய்ந்து மறையும் நேரத்தைக் குறைக்கும், படத்தில் அந்த இடம் இருண்டு தெரியும். ஈரலில் குப்ஃபர் செல்கள் என்கிற துப்புரவுச் செல்கள் துகளை விழுங்கிவிடும், அந்தச் செல்கள் இல்லாத புற்றுக்கட்டி மட்டும் வெளிச்சமாக நிற்கும். 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெரிடெக்ஸ் இதற்குத்தான் வந்தது, பிறகு சந்தையிலிருந்தே போய்விட்டது. நமக்கு ஈரல் வேண்டாம், துகளைக் கலந்து ஸ்கேன் செய்ய ஒரு சதவீத அகரோஸ் (சுத்திகரித்த கடற்பாசிப் பொருள்) ஜெல் போதும். தீபாவளிக்குச் செய்கிற கடை அகார்-அகாரில் என்னென்ன உப்பு கிடக்கிறதோ, அது வேண்டாம்.

இரும்பின் செறிவு 0.05, 0.1, 0.2, 0.3, 0.4 மில்லிமோலார் என்று ஐந்து குழாய், இரும்பே இல்லாத வெறும் ஜெல் ஒன்று. துகளின் செறிவு அல்ல, இரும்பின் செறிவு, அதையும் ஐசிபியில் (உலோக அளவைக் காட்டும் கருவி) அளந்துகொள்ளுங்கள், கணக்குப்போட்டு ஊகிக்காதீர்கள். ஜெல்லில் காற்றுக்குமிழி இருந்தால் அதுவும் கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும், சூடாக இருக்கும்போதே தட்டித் தட்டி வெளியேற்றுங்கள். 1/டி2 (ஒன்றை டி2ஆல் வகுத்தது) எவ்வளவு என்று ஒவ்வொரு குழாய்க்கும் கண்டு, செறிவுக்கு எதிரே வரையுங்கள். கோட்டின் சரிவுதான் ஆர்2, துகள் எவ்வளவு வலுவாக டி2ஐக் குறைக்கிறது என்பதன் அளவு. செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் ஸ்கேனர் அளக்கிற முதல் எதிரொலி (எக்கோ) வருவதற்குள் சிக்னல் செத்து, கோடு வளைந்துவிடும், அந்தப் புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எண்ணோடு ஸ்கேனரின் காந்தப்புலம் 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா என்று எழுத மறந்தால் வைவாவில் முதல் கேள்வியே அதுதான்.

எலிக்குப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, நச்சுச் சோதனை எல்லாம் தனியாக வேண்டும், இந்தப் பீக்கரில் இருப்பது ஜெல்லுக்கு மட்டும்.