பேய்ப் படம் பார்க்கையில் நாம் விடும் பிழைகள்: 'எக்ஸோர்சிஸ்ட்' இன்றும் ஏன் உலுக்குகிறது

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் ஒரு சனிக்கிழமை இரவு 'எக்ஸோர்சிஸ்ட்' போட்டோம். குறும்படம் எடுக்கும் தம்பிமார் ஆறேழு பேர், மாமி, மாமியின் மகள்மார் இரண்டு பேர், சுவரோரம் பாயில் கால் நீட்டிக்கொண்டு எங்கள் பாட்டி, பெத்தா. பெத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எல்லோரும் அந்தப் பிள்ளையின் தலை எப்போது பின்பக்கம் திரும்பும் என்று காத்திருக்க, பெத்தா இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் புள்ளைர தகப்பன் எங்க மனே?"

அந்தப் படத்தை நான் அதற்கு முன் நாலு தரம் பார்த்திருந்தேன். அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. தகப்பன் ரோமில் இருக்கிறான். பேய் பிடிக்கப்போகும் 12 வயது மகள் ரீகனின் பிறந்த நாளுக்கு ஒரு போன்கூட எடுக்கவில்லை. தாய் கிறிஸ் அவனைப் பிடிக்க முடியாமல் ஒப்பரேட்டரோடு கத்துகிறாள். அந்தச் சத்தம் மகளின் காதிலும் விழுகிறது. படத்தில் பேய் நுழைவதற்கு முன்பே அந்த வீட்டில் ஒரு கதவு திறந்துதான் கிடக்கிறது. பெத்தா அதைக் கண்டுகொண்டார், நாங்கள் தலை திரும்பும் காட்சிக்குக் காவல் இருந்தோம்.

1973 டிசம்பர் 26இல் வெளிவந்த படம் இது. வில்லியம் பீற்றர் பிளாட்டி தன் நாவலுக்குத் தானே திரைக்கதை எழுத, வில்லியம் ஃபிரீட்கின் இயக்கினார். அதைவிட ரத்தமும் அகோரமும் கூடிய படங்கள் இன்று எத்தனையோ வந்துவிட்டன. இருந்தும் இதைப் பார்த்தவர்கள் இரவில் விளக்கை அணைக்கத் தயங்குகிறார்கள். "ஏன்?" என்று கேட்டால் வரும் பதில்களில் பாதி பிழையான இடத்தைக் காட்டுகிறது.

முதல் பிழை, படத்தைத் துண்டு துண்டாகப் பார்ப்பது. கைபேசியில் நாற்பது செக்கன் பச்சை வாந்தியையும் தலை சுற்றுவதையும் பார்த்துவிட்டு, "இதுக்கா பயந்தீங்க?" என்று சிரிக்கிறார்கள். அந்த நாற்பது செக்கனுக்கு நானும் சிரிப்பேன். ரப்பர் முகமூடி ரப்பராகத்தான் தெரியும். ஆனால் இரண்டு மணித்தியாலப் படத்தில் முதல் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட, பேய் என்று கைநீட்டிச் சொல்ல ஒன்றுமே இல்லை. மேல்மாடக் கூரைக்குள் ஏதோ பிராண்டுகிற சத்தம். எலி என்று நினைக்கிறாள் தாய். வேலைக்காரர் பொறி வைக்கிறார். பொறியில் ஒன்றும் இல்லை. நம் ஊரில் ஓட்டுக்கு மேல் சத்தம் கேட்டால் மரநாய் என்று திரும்பிப் படுப்போம், அதே நிம்மதியில்தான் அவளும் படுக்கிறாள். பிறகு ஒரு விருந்து நடக்கிறது. நித்திரையில் எழும்பி வந்த பிள்ளை, விருந்தாளிகள் நடுவே நின்று, விண்வெளிக்குப் போகவிருக்கும் ஒருவரிடம் அவர் மேலேயே சாகப் போவதாகச் சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே கம்பளத்தில் சிறுநீர் கழிக்கிறது. தாய் பிள்ளையைக் குளிக்க வார்த்து, கட்டிலில் கிடத்தி, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கிறாள். பிள்ளையிடம் பதில் இல்லை. படத்தில் எனக்கு மிகப் பயமான இடம் அதுதான். அதைத் துண்டாக வெட்டிப் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே ஒன்றும் 'நடக்கவில்லை'.

ஈராக்கில் நடக்கும் தொடக்கத்தை ஓட்டிவிடுவதும் இதே வகைப் பிழை. அகழ்வுக் குழியில் ஒரு கிழட்டுக் குருவானவர், கை நடுங்க மாத்திரை போடுகிறார். மண்ணுக்குள் இருந்து சின்னதொரு தலை வருகிறது. பசூசு என்ற மெசொப்பொத்தேமிய காற்றுப் பிசாசின் தலை அது. அந்தப் பசூசுவின் உருவைத்தான் பழைய மெசொப்பொத்தேமியாவில் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் காவலுக்கு அணிந்தார்கள். பிள்ளையைக் கொல்ல வரும் லமஷ்து என்ற பெண் பிசாசை விரட்ட, அதைவிடப் பயங்கரமான முகம் தேவைப்பட்டது. பேச்சியம்மனைக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோர முகம் எப்போதும் கேடு செய்யும் முகம் அல்ல என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். தொட்டிலுக்குக் காவல் நின்ற அந்த முகத்தைப் படம் ஒரு பிள்ளைக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது. இதை அறிந்து பார்த்தால் அந்த மண்ணும் வெயிலும் வேறு விதமாக உறைக்கும்.

அடுத்தது, வைத்தியசாலைக் காட்சிகள் 'அறுவை' என்று எழும்பி தேத்தண்ணி போடப் போவது. எங்கள் விறாந்தையிலும் இரண்டு பேர் எழும்பினார்கள். ஆனால் படம் வந்த காலத்திலேயே பலரைத் தலைசுற்ற வைத்தது பேய் வரும் காட்சி அல்ல, பிள்ளையின் கழுத்து நாடியில் ஊசி ஏற்றி மூளையைப் படம் எடுக்கும் காட்சி. நியூயோர்க்கில் உண்மையான வைத்தியசாலை ஊழியர்களை வைத்தே அதை எடுத்தார்கள். ரத்தம் சீறுகிறது, இயந்திரம் டமார் டமார் என்று அடிக்கிறது, பிள்ளை கட்டுண்டு கிடக்கிறது. அங்கே இசை இல்லை. பேயும் இல்லை. எல்லோரும் நல்லவர்கள், தங்கள் வேலையைச் சரியாகச் செய்கிறார்கள். முடிவில், ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். இன்னொரு வைத்தியர், இன்னொரு சோதனை. கடைசியில் பேயோட்டும் சடங்கைப் பற்றிப் பேச்செடுப்பதும் வைத்தியர்கள்தான். அதையும் நம்பிச் சொல்லவில்லை. தன்னைப் பேய் பிடித்ததாக நம்புகிற நோயாளிக்குச் சடங்கும் ஒரு மருந்தாகலாம் என்றுதான் சொல்கிறார்கள்.

கதவு கதவாக ஏறி இறங்கும் தாய் இந்தக் கரையில் யாருக்கும் புதியவள் அல்ல. தொண்ணூறுகளில் பிள்ளையின் படத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு முகாம் முகாமாகப் போய் நின்ற அம்மாக்களைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஒவ்வொரு வாசலிலும் மரியாதையான முகம், ஒவ்வொரு வாசலிலும் தெரியாது என்ற பதில். கிறிஸின் முகத்தில் அந்த அலைச்சல் ஏற ஏற மாமி சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டார். பேய் அப்போது திரையில் இல்லை.

படத்தில் இன்னொரு தாயும் இருக்கிறார். பேயோட்ட வரும் குருவானவர் கராஸின் தாய். நியூயோர்க்கில் ஒரு சின்னக் குடியிருப்பில் தனியே வானொலியோடு காலம் கழிக்கும் கிழவி. நோய் முற்றியதும், காசில்லாத குடும்பம் என்பதால் பொது வைத்தியசாலையின் மனநோய் விடுதியில் போடுகிறார்கள். மகனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பிறகு தனியே செத்துப்போகிறார். அந்தப் பேய் கராஸை வெல்லப் பார்ப்பது கட்டிலைத் தூக்கிக் காட்டியல்ல, அந்தத் தாயின் குரலில் பேசித்தான். களுவாஞ்சிக்குடியிலும் காரைதீவிலும் தாயைத் தனியே விட்டுவிட்டு சுவிசிலோ லண்டனிலோ இருக்கும் மகன்மார் இந்தப் படத்தைத் தனியாகப் பார்க்காமல் இருப்பது நல்லது என்று மனதாரச் சொல்கிறேன்.

நம்மவர்கள் விடும் பெரிய பிழை ஒன்று உண்டு. "இது என்ன, எங்கட கோயிலில் பாக்காததா?" என்று படத்தைத் தெய்வமாடுதலோடு சேர்த்துவிடுவது. இரண்டும் ஒன்றல்ல. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறந்து, வழக்குரை காவியம் பாடி, சடங்கு நடந்து, குளிர்த்தியோடு முடியும் அந்த நாட்களில் உடம்பில் ஏறுவது அழைத்து வரவழைத்த தெய்வம். உடுக்கும் பறையும் அதைக் கூப்பிடுகின்றன. விரதம் இருந்தவர் மேல் வருகிறது, வேப்பம்பத்திரத்தோடு ஆடுகிறது, வாக்குச் சொல்கிறது, ஊர் கையெடுத்துக் கும்பிடுகிறது, நேரம் வந்ததும் இறங்கிப் போகிறது. வர ஒரு வழியும் போக ஒரு வழியும் உண்டு, சுற்றிவர ஊரே நிற்கிறது. ரீகனின் அறையில் இந்த ஒழுங்கு எதுவும் இல்லை. யாரும் அழைக்கவில்லை, எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, பக்கத்து வீட்டாருக்குக்கூடச் சொல்ல முடியாது. எங்கள் சடங்கில் நடுங்காத பெத்தா இந்தப் படத்தில் நடுங்கியதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். குறும்படத் தம்பிமாரே, தெய்வமாடுகிறவரின் கண்ணையும் நாக்கையும் கிட்டத்தில் எடுத்துப் பேய்க் காட்சியாகப் போடாதீர்கள். அது அவமரியாதை. பயமும் வராது, பார்க்கிறவர் கைதான் கும்பிட எழும்பும்.

அவர்களுக்கே இன்னொன்று: சத்தம். கதவு திறந்தால் வயலின் கீச்சிடவேண்டும், நிழல் விழுந்தால் இடி விழவேண்டும் என்று இணையத்தில் இறக்கிய ஒலிகளை நிரப்புகிறார்கள். இந்தப் படம் வாங்கிய இரண்டு ஒஸ்காரில் ஒன்று ஒலிக்கு. அப்படியிருந்தும் இசை மிகக் குறைவு. எல்லோரும் 'பேய் இசை' என்று சொல்லும் மைக் ஓல்ட்ஃபீல்டின் 'ரியூபுலர் பெல்ஸ்' கதைக்குள் வருவது பட்டப்பகலில், தாய் வேலை முடிந்து மரநிழல் தெருவில் நடந்து வீடு திரும்பும்போது. கன்னியாஸ்திரிகளின் அங்கி காற்றில் பறக்கிறது, பிள்ளைகள் வேஷம் போட்டு ஓடுகிறார்கள். அவ்வளவுதான். பயமான இடங்களில் மூச்சும் கட்டில் சத்தமும் மட்டும். பேயின் குரல் மெர்சிடிஸ் மக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகையுடையது. வானொலி நாடகங்களில் ஊறியவர். பச்சை முட்டை விழுங்கி, சிகரெட் பிடித்து, விஸ்கி குடித்து அந்தக் கரகரப்பை எடுத்தார். சிறுமியின் வாயிலிருந்து கிழட்டுத் தொண்டை பேசும்போது காதும் கண்ணும் ஒன்றையொன்று நம்ப மறுக்கின்றன. கைபேசியின் குட்டி ஸ்பீக்கரிலோ தமிழ் டப்பிங்கிலோ பார்த்தால் இது முழுதும் போய்விடும். நல்ல ஹெட்போனாவது போடுங்கள்.

அறையின் குளிரும் பொய்யல்ல. அரங்கையே உறைநிலைக்குக் கீழே குளிரூட்டினார்கள், நடிகர்களின் வாயில் ஆவி பறப்பது அதனால்தான். நமக்கோ பயம் உச்சி வெயிலிலும் மைமல் நேரத்திலும் வரும், குளிரில் அல்ல. ஆனாலும் அன்றிரவு மின்விசிறிக்குக் கீழே வேர்த்துக்கொண்டு இருந்தவர்கள் அந்த ஆவியைக் கண்டதும் போர்வை தேடினார்கள்.

"உண்மைக் கதை" என்று சொல்லிப் பயமுறுத்துவதையும் விட்டுவிடலாம். 1949இல் அமெரிக்காவில் ஒரு பையனுக்குப் பேயோட்டியதாகப் பத்திரிகையில் வந்த செய்தியை, ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பிளாட்டி வாசித்தார். பொறி அங்கே விழுந்தது. நடிகையான தாய், மகள், கராஸ் எல்லாம் அவருடைய கற்பனை.

நம்பிக்கை உள்ளவனுக்குத்தான் இந்தப் படம் பயம் என்பதும் சரியல்ல. கராஸ் தன் விசுவாசத்தையே இழந்துகொண்டிருக்கும் ஆள். இயேசு சபைத் துறவி, மனநல மருத்துவர், குத்துச்சண்டை பழகியவர். மட்டக்களப்புக்கு இப்படியான குருமார் அந்நியரல்லர். நியூ ஒர்லியன்சில் இருந்து வந்த அமெரிக்க இயேசு சபைக் குருக்கள் புனித மிக்கேல் கல்லூரியில் பாடமும் கூடைப்பந்தும் சொல்லித் தந்தார்கள். வெபர் மைதானம் அவர்களில் ஒருவரின் பெயரில்தான் இன்றும் இருக்கிறது. அந்த மரபில் வந்த ஒருவரைப்போல, கராஸ் முதலில் சோதித்துப் பார்க்கிறார். வெறும் குழாய்த் தண்ணீரைத் தீர்த்தம் என்று சொல்லித் தெளிக்கிறார். பிள்ளை சுட்டதுபோலத் துடிக்கிறது. அப்படியானால் இது நடிப்பா, நோயா? நம்ப வைக்க வேண்டிய படம் சந்தேகத்துக்கும் ஒரு சாட்சி வைத்துவிடுகிறது. நம்புகிறவனும் நம்பாதவனும் அந்த இடத்தில் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையிலும் ஆயரின் அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் அந்தச் சடங்கைச் செய்ய முடியாது. படத்திலும் அனுமதி கேட்டுத்தான் செய்கிறார்கள்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் பிள்ளை பெற்று மூன்றாம் கிழமை ஒரு தங்கச்சி யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். "பேய் பிடிச்சிட்டு" என்றார்கள். நூல் கட்டினார்கள், தேசிக்காய் வெட்டினார்கள், கழிப்புக் கழித்தார்கள், கடைசியில் பிரம்பால் அடித்தார்கள். இரண்டு மாதம் போனது. பிறகுதான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். மருந்தில் தெளிந்தாள். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் பிள்ளை அவள் கையில் இருக்கவில்லை. பேய்ப் படம் பார்த்துவிட்டு வாழ்க்கையில் பேயைத் தேடுவதுதான் எல்லாவற்றிலும் கொடிய பிழை. வலிப்புக்கு, மனச்சிதைவுக்கு, பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனக்குழப்பத்துக்கு மருந்து இருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. கோயிலுக்கு நேர்த்தி வையுங்கள், தண்ணீர் ஓதிக் கொடுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் முதல் பஸ் வைத்தியசாலைக்குப் போகட்டும். பிரம்பைத் தொடவே வேண்டாம். படத்தில்கூடத் தாய் வைத்தியர்கள் எல்லோரையும் பார்த்த பிறகுதான் குருவிடம் வருகிறாள்.

சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் போடாதீர்கள். "கண்ணை மூடிக்கொள்" என்பது போதாது, காதை மூட முடியாது.

அன்றிரவு படம் முடியும்போது தம்பிமார், கராஸ் படிக்கட்டில் விழும் காட்சியை எப்படி எடுத்திருப்பார்கள் என்று வாதாடத் தொடங்கிவிட்டார்கள். திரையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ரீகனுக்கு நடந்த எதுவும் நினைவில்லை. வாசலில் நின்ற இன்னொரு குருவானவரின் வெள்ளைக் கழுத்துப்பட்டியைக் கண்டதும் ஏனோ தெரியாமல் எட்டி அவர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுக்கிறாள். கார் புறப்படுகிறது. பெத்தா முழங்காலில் கையூன்றி எழும்பி, பாயைச் சுருட்டினார்.

"தாயும் புள்ளையும் ஒண்டாத்தான் போகுதுகள்," என்றார். பிறகு உள்ளே போய், நித்திரையாகிக் கிடந்த மாமியின் சின்ன மகளின் கால்மாட்டு யன்னலைச் சாத்தினார்.