துக்க வீட்டில் இப்படிப் பேசாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. (சீர்திருத்த மரபைச் சேர்ந்த தென்னிந்தியத் திருச்சபை) சபையாரும் ஒரே தெருவில் வாழ்கிறோம். மரணம் நேர்ந்தால் ஒரே பந்தலில்தான் உட்காருகிறோம். அங்கே ஆறுதல் என்று நாம் சொல்லும் சில வார்த்தைகள், ஞாயிறுதோறும் அறிக்கையிடும் விசுவாசத்துக்கே முரணாக இருக்கின்றன.

"உடம்பில் என்ன இருக்கிறது? ஆத்துமா போய்ச் சேர்ந்துவிட்டது" என்பது அவற்றில் முதலாவது. ஆத்துமா அழியாது என்பதோடு கிறிஸ்தவ நம்பிக்கை நின்றுவிடுவதில்லை. வழிபாட்டில் நாம் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணம் உடலின் உயிர்த்தெழுதலையும் சேர்த்தே சொல்கிறது. விதைக்கப்படுவது அழிவுள்ளது, எழுவது அழியாதது என்று 1 கொரிந்தியர் 15இல் பவுல் விளக்குவதும் இதைத்தான். உடலைக் கழுவி, உடுத்தி, ஜெபித்து அடக்கம் செய்வதன் பொருள் அதில் இருக்கிறது.

அதற்காக, அடக்கம் இல்லையென்றால் உயிர்ப்பும் இல்லை என்று எண்ணுவது இன்னும் கொடிய தவறு. 2017 ஒக்கிப் புயலுக்குப் பின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் எத்தனையோ வீடுகளுக்கு, கடலுக்குப் போன மீனவரின் உடலே திரும்பவில்லை. "ஒரு கல்லறைகூட இல்லையே" என்று அந்தத் தாய்மாரிடம் சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். கடலும் தன்னிடமுள்ள இறந்தோரை ஒப்படைக்கும் என்று வெளிப்படுத்தல் 20:13 சொல்கிறதே, அதைச் சொல்லுங்கள். விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி புனித தேவசகாயம் 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் உடலைக் காட்டில்தான் எறிந்தார்கள். எஞ்சிய எலும்புகளை விசுவாசிகள் தேடியெடுத்துக் கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தார்கள். உடலுக்குச் செய்த மரியாதை அது. எலும்பு கிடைக்காவிட்டால் இறைவனால் எழுப்ப முடியாது என்று யாரும் அஞ்சவில்லை. தகனமும் உயிர்ப்பைத் தடுப்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1963 முதல் அதை அனுமதிக்கிறது. சாம்பலைத் தூவக் கூடாது என்று 2016இல் தெளிவுபடுத்தியது.

இறந்த குழந்தை தேவதூதனாகிவிட்டது என்பார்கள். மனிதர் தேவதூதர் ஆவதில்லை. லூக்கா 20:36 உயிர்த்தெழுவோரைத் தேவதூதரோடு ஒப்பிடுகிறது, அவ்வளவே. "விசுவாசி அழக்கூடாது" என்பதையும் விட்டுவிடுங்கள். இறந்த லாசருவை எழுப்பப் போகிற இயேசுவே அவன் கல்லறைக்குப் போகுமுன் அழுதார். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்பட வேண்டாம் என்றுதான் பவுல் எழுதினார். துக்கமே கூடாது என்று எழுதவில்லை.

இன்னொன்று. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் கத்தோலிக்கர் மெழுகுதிரி ஏற்றி, உத்தரிக்கிற ஸ்தலத்து (விண்ணகம் சேருமுன் தூய்மை பெறும் நிலையிலுள்ள) ஆன்மாக்களுக்காக மன்றாடுவார்கள். சி.எஸ்.ஐ. சபை அந்தப் போதனையை ஏற்பதில்லை. வேறுபாடு உண்மையானது, பேச வேண்டியதும்கூட. ஆனால் சவப்பெட்டி வீட்டில் இருக்கும்போது அந்த விவாதத்தைத் தொடங்காதீர்கள். உயிர்த்தெழுதலை இரு சபைகளும் ஒன்றுபோல் அறிக்கையிடுகின்றன. பந்தலில் பேச அது போதும்.