பெப்டைடு படத்திலிருந்து வரிசை எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் படத்தைப் பார்த்ததும் கண் பக்கச்சங்கிலிகள் மேல்தான், அதாவது ஒவ்வொரு அமினோ அமிலத்திலிருந்தும் பக்கவாட்டில் நீளும் தொகுதிகள் மேல்தான் போகும். இதோ பென்சீன் வளையம், அதோ கந்தகம் என்று அடையாளம் கண்ட சந்தோஷத்தில் இடமிருந்து வலமாக எழுதிவிடுகிறோம். ஆனால் படம் எந்தப் பக்கம் திரும்பி வேண்டுமானாலும் இருக்கலாம், அமினோ அமிலங்களின் வரிசையோ எப்போதும் அமினோ முனையில் (நைட்ரஜன் உள்ள முனை) தொடங்கி கார்பாக்சில் முனையில்தான் (அமிலத் தொகுதி உள்ள முனை) முடியும். நம் மூளையிலேயே இருக்கும் லூசின் என்கெஃபலினை எடுத்துக்கொள்ளுங்கள்: டைரோசின், கிளைசின், கிளைசின், ஃபீனைல்அலனின், லூசின். தலைகீழாக எழுதினாலும் மூலக்கூறு வாய்பாடு அதேதான், நிறையும் அதேதான், ஆனால் அது வேறு பொருள். அமினோ முனையில் டைரோசின் இல்லாமல் ஓபியாய்டு ஏற்பி (மார்ஃபின் போன்றவை போய் ஒட்டும் புரதம்) அதைச் சீண்டாது.

அதனால் பக்கச்சங்கிலியை மறந்துவிட்டு இரண்டு அமினோ அமிலங்களை இணைக்கும் ஏதாவது ஒரு அமைடு பிணைப்பில் விரலை வையுங்கள். கார்பனைல் கார்பனிலிருந்து (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன்) நைட்ரஜனுக்குப் போகும் திசைதான் படிக்கும் திசை. அந்தத் திசையில் நைட்ரஜன், ஆல்ஃபா கார்பன் (பக்கச்சங்கிலி தொங்கும் கார்பன்), கார்பனைல் என்று மூன்று மூன்று அணுவாக நடந்து முடித்த பிறகு பக்கச்சங்கிலிக்கு வாருங்கள்.

இந்த நடையில் ஆளைக் கவிழ்ப்பது குளூட்டாதயோன். குளூட்டமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின், மூன்றே மூன்றுதான், இதில் என்ன தவறு வந்துவிடும் என்று ஒற்றை எழுத்துக் குறியீட்டில் இ-சி-ஜி என எழுதிவிட்டுப் போகிறோம். நடந்து பாருங்கள்: ஆல்ஃபா கார்பனுக்குப் பக்கத்தில் உள்ள கார்பாக்சில் சும்மா தொங்குகிறது, சங்கிலி இரண்டு சி.எச்.2-வைத் தாண்டி பக்கச்சங்கிலியின் கார்பனைல் வழியாகப் போகிறது. அதாவது காமா இணைப்பு. வெறும் இ-சி-ஜி வேறொரு சேர்மம், முன்னால் காமா என்று போட்டே ஆக வேண்டும்.

லூசினா ஐசோலூசினா என்பதை அவசரத்தில் தீர்மானிக்காதீர்கள். ஆல்ஃபா கார்பனை அடுத்த கார்பனிலேயே கிளை பிரிந்தால் ஐசோலூசின், ஒரு கார்பன் தள்ளிப் பிரிந்தால் லூசின். இரண்டுக்கும் ஒரே நிறை என்பதால் எடையைக் கூட்டிச் சரிபார்த்தாலும் இந்தத் தவறு மாட்டாது.

ஒற்றை எழுத்துக் குறியீடு தனித் தலைவலி. 'ஜி' கிளைசினுக்குப் போய்விட்டது, குளூட்டமிக் அமிலத்துக்கு 'இ', குளூட்டமினுக்கு 'கியூ'. 'எல்' லூசினுக்கு, அதற்கு முந்தைய எழுத்தான 'கே' லைசினுக்கு. 'டி' என்று தமிழில் குறிப்பெடுத்தால் அது ஆஸ்பார்டிக் அமிலமா திரியோனினா என்று பிறகு நமக்கே புரியாது (எனக்கு நடந்திருக்கிறது).

அப்புறம் முனைகள். ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கிளைசினில் முடிகிறது, ஆனால் அந்த முனை அமிலம் இல்லை, அமைடு. கடைசியில் அமைடைக் கண்டதும் ஆஸ்பராஜின் என்று எழுதுபவர்களும் உண்டு, அதைக் கண்டுகொள்ளாமலே விடுபவர்களும் உண்டு. முதலாவது, ஆறாவது சிஸ்டீன்களுக்கு நடுவில் உள்ள டைசல்பைடையும் (இரண்டு கந்தகங்களை இணைக்கும் பாலம்) குறிக்க வேண்டும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை வெளிவிடச் செய்யும் டி.ஆர்.எச். மூன்றே அலகு கொண்டது, அதில் மூன்று ஐந்தணு வளையங்கள் நைட்ரஜனோடு இருக்கும், இரண்டு நைட்ரஜன் உள்ள நடு ஹிஸ்டிடின் வளையம் போக மற்ற இரண்டையும் புரோலின் என்று எழுதத்தான் கை போகும். வளையத்துக்குள்ளேயே கார்பனைல் இருந்தால் அது பைரோகுளூட்டமிக் அமிலம், புரோலின் அல்ல.

கடைசியாக டி (D), எல் (L) வடிவங்கள், அதாவது ஒரே அமினோ அமிலத்தின் கண்ணாடி பிம்ப வடிவங்கள். அமினோ முனையை இடப்பக்கம் வைத்து வளைந்து வளைந்து வரையும் வழக்கமான படத்தில், எல் வடிவம் என்றால் மேலே நீளும் பக்கச்சங்கிலிக்குத் தடித்த ஆப்பு (நம்மை நோக்கி வருவது), கீழே நீளுவதற்குக் கோடு கோடான ஆப்பு (தாளுக்குப் பின்னால் போவது). நடுவில் ஒன்று மட்டும் இந்த ஒழுங்கை மீறினால் அங்கே டி வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள், கிராமிசிடின் எஸ் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பியில் வரும் ஃபீனைல்அலனின் அப்படித்தான். கார்பனைச் சுற்றியுள்ள தொகுதிகளை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தி மென்பொருள் காட்டும் ஆர், எஸ் குறியை வைத்து முடிவெடுப்பவர்கள் சிஸ்டீனிடம் கவனமாக இருங்கள்: எல் வடிவத்துக்கு வழக்கமாக எஸ் வரும், ஆனால் கந்தகத்தின் முன்னுரிமையால் எல்-சிஸ்டீனுக்கு ஆர் என்றுதான் வரும், அதை டி என்று மாற்றி எழுதிவிடாதீர்கள்.