டெய்லி காலண்டர் தாளை முழுசா படிக்கிறது எப்படி

காலைல தாளைக் கிழிச்சதும் முக்கால்வாசிப் பேர் பாக்குறது ராகு காலமும் ராசிபலனும்தான். நடுவுல பொடி எழுத்துல திதி, நட்சத்திரம், நாழிகைன்னு இருக்கே, அதுதான் அந்தத் தாள்லயே உருப்படியான பகுதி, ஏன்னா அன்னைக்கு வானத்துல சூரியனும் சந்திரனும் எங்க இருக்குன்னு சொல்ற கணக்கு அது, ஜோசியத்துல நம்பிக்கை இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி, மாடில ஏறி நின்னு நீங்களே சரிபார்க்கலாம். எப்படின்னு சொல்றேன்.

முதல்ல நாழிகை. ஒரு நாளைக்கு 60 நாழிகை, அப்போ ஒரு நாழிகை 24 நிமிஷம், அதுல 60-ல ஒரு பங்கு விநாழிகை, அதாவது 24 செகண்ட். பஞ்சாங்கத்துல நாள் ஆரம்பிக்கிறது ராத்திரி 12 மணிக்கு இல்ல, சூரிய உதயத்துல. அதனால "பஞ்சமி 14.30"னு போட்டிருந்தா உதயத்துல இருந்து பதினாலு நாழிகை முப்பது விநாழிகை வரைக்கும் பஞ்சமின்னு அர்த்தம், இதைப் பிற்பகல் ரெண்டரைன்னு படிச்சுடாதீங்க. கணக்கு ஈஸிதான்: பதினாலரையை 24-ஆல பெருக்குனா 348 நிமிஷம், அதாவது 5 மணி 48 நிமிஷம். அன்னைக்கு உதயம் 6.04-னா 11.52-க்கு பஞ்சமி முடிஞ்சு சஷ்டி ஆரம்பிக்குது. இப்ப நிறைய காலண்டர்ல நேரா மணியாவே போட்டுடுறாங்க, ஆனா கனமான பஞ்சாங்கப் புத்தகத்தைத் திறந்தா நாழிகைதான் வரும், அப்போ உங்க ஊர் உதய நேரம் தெரிஞ்சிருக்கணும். சென்னைலயே ஜூன் ஆரம்பத்துல 5.42 கிட்ட விடியுது, ஜனவரி கடைசில 6.35 தாண்டிடும்.

அடுத்து திதி. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அமாவாசை அன்னைக்கு சூரியனும் சந்திரனும் ஒரே திசைல இருக்கும், அங்க இருந்து சந்திரன் சூரியனை விட்டு 12 டிகிரி விலகுறதுக்கு ஆகுற நேரம் ஒரு திதி, இப்படி 30 திதி சேர்ந்தா 360 டிகிரி, ஒரு சுத்து முடிஞ்சு மறுபடி அமாவாசை. கையை முழுசா நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடிச்சா அதோட அகலம் சுமார் 10 டிகிரி. வளர்பிறை சஷ்டி அன்னைக்கு சூரியன் மறையுறப்போ மாடிக்குப் போய், சூரியன் இறங்குற இடத்துல இருந்து நிலா வரைக்கும் முஷ்டி மேல முஷ்டி வச்சு அளந்து பாருங்க, ஆறு ஏழு முஷ்டி வரும், ஏன்னா சஷ்டின்னா 60-ல இருந்து 72 டிகிரிக்குள்ள. அஷ்டமி அன்னைக்கு இதே மாதிரி பாத்தா அரை நிலா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல நிக்கும். பசங்களைக் கூட்டிட்டுப் போய் ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, அதுக்கப்புறம் அவங்களே தாளைப் பாத்துட்டு நிலா எங்க இருக்கும்னு சொல்லிடுவாங்க.

நிலா ஒரே வேகத்துல போறதில்ல, பூமிக்குக் கிட்ட வர்றப்போ வேகமா ஓடும், தள்ளிப் போறப்போ மெதுவா நகரும். அதனால ஒரு திதி 19 மணி நேரத்துலயும் முடியும், 26 மணி நேரம் வரைக்கும் இழுக்கவும் செய்யும். அப்பப்போ "அவமாகம்", "திரிதினஸ்பிருக்"னு தாள்ல பாத்திருப்பீங்க, பேரைப் பாத்து பயப்பட வேணாம், ஒரே நாள்ல மூணு திதி வந்து தொட்டா அவமாகம், ஒரு திதியே மூணு நாளைத் தொட்டா திரிதினஸ்பிருக், அவ்ளோதான்.

நட்சத்திரம்னு போட்டிருக்கிறது நிலா அன்னைக்கு வானத்துல எந்தப் பகுதில நிக்குதுங்கிறது. 360 டிகிரியை 27 பங்கு போட்டா ஒவ்வொண்ணும் 13 டிகிரி 20 கலை (ஒரு டிகிரில 60-ல ஒரு பங்கு ஒரு கலை). ரோகிணின்னு போட்டிருக்கிற ராத்திரி நிலாவுக்குப் பக்கத்துல ஒரு ஆரஞ்சு கலர் நட்சத்திரம் பளிச்சுனு தெரியும், அதுதான் ரோகிணி. கேட்டை அன்னைக்கும் அப்படித்தான், அது நல்ல சிவப்பு. தமிழ் மாசப் பேரெல்லாம் இங்க இருந்துதான் வந்தது, பௌர்ணமி நிலா சித்திரை நட்சத்திரத்துக்கிட்ட வர்ற மாசம் சித்திரை, விசாகத்துக்கிட்ட வந்தா வைகாசி, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் எல்லாமே அந்த ஜோடிதான். யோகம், கரணம் ரெண்டும் இதே சூரிய சந்திரக் கணக்குல இருந்து வர்றதுதான், கரணம்னா பாதி திதி.

தமிழ் தேதி மட்டும் நிலாவைப் பாக்காது, சூரியன் ஒரு ராசில இருந்து அடுத்த ராசிக்குப் போறதை வச்சு மாசம் பிறக்கும். சூரியன் மறையுறதுக்கு முன்னாடி அந்த நுழைவு நடந்தா அன்னைக்கே ஒண்ணாந்தேதி, மறைஞ்சப்புறம் நடந்தா மறுநாள். ஆனிக்கு 32 நாள் வரைக்கும் வருது, மார்கழி 29-லயே முடிஞ்சிடுதுன்னா அதுக்கும் காரணம் இருக்கு, ஜூலை ஆரம்பத்துல பூமி சூரியனை விட்டு ரொம்பத் தள்ளி மெதுவா போகுது, ஜனவரி ஆரம்பத்துல ரொம்பக் கிட்ட வேகமா போகுது. இன்னொண்ணு, நம்ம வருஷம் நட்சத்திரத்தை வச்சு அளக்குறது, சுமார் 365.2564 நாள், இங்கிலீஷ் காலண்டர் பின்பத்துற பருவ வருஷம் 365.2422 நாள், இந்த சின்ன வித்தியாசம் 70 வருஷத்துக்கு ஒரு நாள்னு சேர்ந்து சேர்ந்துதான் பகலும் இரவும் சமமா இருக்குற நாள் மார்ச் 20, 21-ல வருது, நம்ம சித்திரை ஒண்ணு ஏப்ரல் 14-க்குப் போய் நிக்குது.

ராகு காலம் பாக்குறவங்க இதையும் தெரிஞ்சுக்கணும். திங்கள்னா 7.30-ல இருந்து 9-ன்னு வருஷம் முழுக்க ஒரே மாதிரி அடிச்சிருக்கிறது 6 மணிக்கு விடிஞ்சு 6 மணிக்கு இருட்டுதுன்னு வச்சுப் போட்ட கணக்கு. உண்மையான முறை பகல் பொழுதை எட்டாப் பிரிக்கிறது, திங்களுக்கு ரெண்டாவது பங்கு. ஜனவரில சென்னைல 6.35-க்கு விடிஞ்சு 6.05-க்கு மறைஞ்சா பகல் 690 நிமிஷம், ஒரு பங்கு 86 நிமிஷம், அப்போ ராகு காலம் 8.01-ல இருந்து 9.27 வரைக்கும். தாள்ல போட்டதுக்கும் இதுக்கும் அரை மணி வித்தியாசம் வந்துடுச்சு பாருங்க.

கடைசியா, காலண்டர் வாங்குறப்பவே அது வாக்கியமா திருக்கணிதமான்னு பாத்து வாங்குங்க. வாக்கியம் பழைய சூத்திர வாக்கியங்களை வச்சுப் போடுறது, திருக்கணிதம் இன்னைக்கு வானத்துல அளந்து திருத்துன கணக்கு. திதில கொஞ்ச நாழிகைதான் மாறும், ஆனா சனி மாதிரி மெதுவா நகர்ற கிரகத்துல மாசக்கணக்குல மாறிடும், திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-லயே வந்த சனிப்பெயர்ச்சி வாக்கியப்படி டிசம்பர் 20-லதான் வந்தது. கோயில் விசேஷத்துக்குன்னா அந்தக் கோயில் எதைப் பின்பத்துதோ அதையே பாருங்க, மாடில நின்னு நிலாவை அளக்குறதுக்குத் திருக்கணிதத்தை எடுத்துக்கோங்க.